காவிரியைக் காண விரும்பிய இறைவன்

திருச்சி மலைக்கோட்டையில் ஏறுவோர் தாயுமானவரை வணங்கியதும் உச்சிப் பிள்ளையாரை நோக்கி விரைவர். வழியிலுள்ள மகேந்திரவர்மனின் குடைவரை பலர் கண்ணில் படுவதில்லை. லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்பது அதன் பெயர். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடையப்பட்ட அக்கோயிலின் மேற்குச் சுவரில் கங்காதரர் நிற்கிறார். இருமருங்குத் தூண்களிலும் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்கள்.

மன்னன் வேற்று நெறி நீங்கி இலிங்கத்தைச் சார்ந்தான் என்று பொருள் கொள்ளத்தக்க ஒரு தொடர் அவற்றுள் உண்டு. ஹூல்ட்ஸ் 1890இல் பதிப்பித்த நாள்தொட்டு அறிஞர் அதனையே துருவினர். அப்பரோடு இணைத்தும் மறுத்தும் எழுதினர். சாசனத்திலுள்ள கவிதையோ கவனிப்பாரின்றிக் கிடந்தது.

மண்மேல் கோயில் கொண்டால் சோழர் வளத்தையும் காவிரியையும் எங்ஙனம் காண்பது எனச் சிவன் வினவினானாம். குணபரன் முகில் தொடும் இம்மலையில் இல்லம் அமைத்தானாம். நதிகளை விரும்பும் கணவன் காவிரிமீதும் மையல் கொள்வானோ என்றஞ்சிய மலைமகள், பிறந்தகம் துறந்து இங்கேயே தங்கி, அவ்வாற்றைப் பல்லவனின் காதலி என்று ஓயாது கூறுகிறாளாம். ஊடல்போல் தொடங்கும் பாட்டில் சோழநாட்டு ஆறு பல்லவனுக்கு உரிமையாகிவிடுகிறது! ஆதிக்கத்தை இத்துணை நயமாக உரைத்த சாசனங்கள் சிலவே.

ஆயினும் குடைவரை தெற்கு நோக்கியது. காவிரி ஓடுவதோ வடக்கே. மேற்கு நோக்கிய கருவறைக்கு எதிரே தெரிவது சடையில் இறங்கும் கங்கைதான். ஏறத்தாழ 83 மீட்டர் உயர உச்சியை அடைந்தவர்க்கே காலடியில் நகரமும், வடக்கே காவிரியும், அப்பால் திருவரங்கக் கோபுரங்களும் புலப்படும். கோடையில் ஆற்றில் மணலே மிகுதி.