ஓவல் திடலின் இரு கரைகள்

மும்பைவாழ் தமிழராகிய நம்மில் பலர் சர்ச்கேட் நிலையத்தில் இறங்கி, ஓவல் திடலைக் கடந்து பணிக்கு விரைகிறோம். ஆட்டத்தைக் காணச் சற்றே நிற்பதுண்டு. இருமருங்கும் நிற்கும் கட்டடங்களை நிமிர்ந்து நோக்குவோர் சிலரே. கிழக்கே கோத்திக் பாணியில் கூர்மாடங்களும் கல் வளைவுகளும். மேற்கே ஆர்ட் டெக்கோ பாணியில் வளைந்த முகப்புடைய அடுக்கு மாளிகைகள். 2018-இல் இப்பகுதி யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இரு நூற்றாண்டுகள் எதிரெதிரே நிற்பதாகச் சொல்வது வழக்கம். எம் கருத்தில் இரண்டும் ஒரு தாய் மக்களே. அத்தாய் பருத்தி வணிகம்.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வரத்துக் குன்றவே, பம்பாய்ப் பருத்திக்குப் பொன்விலை கிடைத்தது. ஆளுநர் பார்ட்டில் ஃப்ரியர் கோட்டை மதில்களை இடித்து நகரை விரிவாக்கினார். வணிகரோ, பேக் பே கடலைத் தூர்த்து நிலமாக்குவோம் என்ற நிறுவனத்தின் பங்குகளுக்குப் போட்டியிட்டனர். நீருக்கடியில் கிடந்த மண்ணுக்கு அத்தனை விலை! 1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலையும் பங்கு விலையும் ஒருங்கே சரிந்தன.

அச்சரிவில் பெருஞ்செல்வம் இழந்தவர் பிரேம்சந்த் ராய்சந்த். பல்கலைக்கழக நூலகத்திற்கு 2 இலட்சமும், தம் அன்னை ராஜாபாயின் பெயரால் மணிக்கோபுரத்திற்கு 2 இலட்சமும் அவர் 1864-இலேயே வழங்கியிருந்தார். கொடுத்தது மட்டும் நிலைத்தது. 280 அடி உயரக் கோபுரம் 1878-இல் முற்றுப்பெற்றது. அதனை வரைந்த கில்பர்ட் ஸ்காட் இந்தியாவுக்கு வந்தவரே அல்லர். கோபுரம் நிறைவுறுமுன் அவ்வாண்டிலேயே மறைந்தார். அதில் மேற்கு இந்திய மக்களின் உருவங்களைச் சமைத்தவர் உதவிப் பொறியாளர் முகுந்த் ராமசந்திரர். ஸ்காட்டின் பெயரை அறிந்த அளவுக்கு இவர் பெயரை நாம் அறியோம்.

கடலைத் தூர்க்கும் ஆசை மட்டும் மாயவில்லை. 1920-களில் அரசே அதனை மேற்கொண்டது. செலவு பெருகிற்று, முறைகேடுகளைக் கே. எஃப். நாரிமன் அம்பலப்படுத்தினார். பிற்காலத்தில் தூர்த்த நிலத்தின் முனைக்கே அவர் பெயர் வாய்த்தது விந்தைதான். அவ்வாறு பெற்ற நிலத்தில், 1930-களில் கான்கிரீட் மாளிகைகள் வரிசையாக எழுந்தன. வடகோடியில் 1938-இல் ஈராஸ் திரையரங்கு திறக்கப்பெற்றது. இம்மாளிகைகளின் முகப்புப் பெயர்களைப் படித்துச் செல்வதே ஓர் இன்பம். ஒன்று ‘சிவ சாந்தி புவன்’. மற்றொன்று, எதிர்க்கரையில் உயர்நீதிமன்றம் நிற்பதற்கேற்ப, ‘கோர்ட் வியூ’.