கடற்கரைக் குப்பையைப் பொறுக்குவது யார்?

சுந்தரபாண்டியபுரத்தில் கடல் இல்லை. கடலுக்கு வழி இருக்கிறது. சூரியகாந்திப் பூக்களோடு படம் பிடிக்க வரும் கூட்டம் அப்படியே குற்றாலத்துக்கும் போகிறது. அருவியடியில் விட்டுப்போகும் ஷாம்பு பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் வெள்ளம் வந்தால் சிற்றாற்றில் இறங்கும். சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. தாமிரபரணி புன்னக்காயலில் கடலைத் தொடுகிறது. 'கடற்கரைக் குப்பையைப் பற்றி உங்களுக்கென்ன பேச்சு?' என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கரையில் ஒதுங்கும் குப்பையை எண்ணிப் பதிவு செய்யும் பழக்கம் 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் பரவலானது. லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இரு பெண்கள் தன்னார்வலர்களைத் திரட்டினார்கள். பொறுக்கினால் மட்டும் போதாது, ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறிக்க வேண்டும் என்றார்கள். நல்ல யோசனை. எது எவ்வளவு கிடக்கிறது என்று தெரிந்தால்தானே அதைச் செய்தவனிடம் கேட்க முடியும்? இன்று பல நாடுகளில் செப்டம்பர் மாதம் இந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது.

2010ஆம் ஆண்டில் மட்டும் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் வரை பிளாஸ்டிக் நிலத்திலிருந்து கடலுக்குள் போயிருக்கும் என்று 2015இல் ஜென்னா ஜாம்பெக் குழுவினர் மதிப்பிட்டார்கள். தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை போட்டது. பூக்காரியின் கேரி பேக்கைப் பிடுங்குவது சுலபம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது கன்னியாகுமரிக் கரைவரை ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணைகளை எந்தப் பூக்காரி போட்டாள்?

எண்ணும் அட்டையில் பாட்டிலுக்கு இடம் உண்டு, சிகரெட் துண்டுக்கு உண்டு. தினமும் பொறுக்குகிறவருக்கு இல்லை. 2019 அக்டோபர் 12 அன்று மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமர் அரை மணி நேரம் குப்பை பொறுக்கியதை நாடே பார்த்தது. மறுநாள் காலை அந்த வேலையைச் செய்தவர்களை யார் பார்த்தார்கள்?

சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களை ஒன்றிய அரசு நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுத்தபோது, பதிவானவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். கரைக்கும் இப்படியொரு கணக்கை நாம்தான் கேட்க வேண்டும்: யார், என்ன கூலி, நிரந்தரமா ஒப்பந்தமா, கையுறை உண்டா?

2025 ஆகஸ்டில் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்து கேட்டதும் பணி நிரந்தரத்தைத்தான். 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து வண்டியில் ஏற்றினார்கள்.