ஒட்டுத் துணியும் ஓட்டுத் தையலும்

கோயில் மணிக்கும் கொடிமரத்திற்கும் உபயகாரர் பெயரை நாம் எழுதி வைக்கிறோம். கந்தலைப் போர்வையாக்கி நம்மை வளர்த்த தாய்மாரின் உழைப்போ எந்தப் பதிவேட்டிலும் ஏறியதில்லை. ஆகவே இம்மலரில் ஒரு பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்குகிறோம்.

இரண்டாம் உலகப் போரின்போது துணிப் பஞ்சம் வந்தது; 1943-இல் அரசு துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு விதித்தது. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் குடும்பத்திற்குப் போர்வை இன்றி ஆகுமோ? நைந்த நூல் சேலைகளை மடித்து அடுக்கி, கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டு, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டால் போர்வை ஆயிற்று. போடிப் பக்கம் இலவம் பஞ்சுக்குக் குறைவில்லை. தையற்கடை வெட்டுத் துணியில் உறை தைத்தால் தலையணையும் ஆயிற்று.

இக்கைவேலை நமக்கு மட்டும் உரியதன்று. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள். முன்னோர் பலர் கோவாவில் போர்த்துக்கீசியரிடம் அடிமைப்பட்டிருந்தவர்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ என்னும் போர்வை முழுவதும் பழந்துணியே. ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்து வருவர். மூலைகளில் முக்கோணமாக மடித்த துண்டுகளை வைப்பர். அதற்குப் ‘பூ’ என்று பெயர். பூ இல்லாத போர்வை அம்மணமாம்! அவர்களுள் கத்தோலிக்கப் பெண்கள் துண்டுத் துணியிலேயே சிலுவை வைத்துத் தைப்பதும் உண்டு. இன்று அவை கண்காட்சிகளுக்குப் போகின்றன. தைத்தவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது குளிருக்கு ஒரு மறைப்பு.

கடைப் போர்வை மலிந்த பின்னும், நம் பக்கத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் தேடப்படுவது பாட்டியின் பழைய நூல் சேலைதான். புதுத்துணி பச்சிளம் மேனியை உறுத்தும்.