டஹிட்டியின் இழவுக் கோலமும் ஓவியர் ஹாட்ஜசும்

வில்லியம் ஹாட்ஜஸ் (1744–1797) லண்டனில் பிறந்த நிலக்காட்சி ஓவியர். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் (1772–1775) ஓவியராகச் சென்றவர். பசிபிக் தீவான டஹிட்டியின் ஈமச்சடங்கைப் படமாக்கிய இவர், பின்னாளில் சென்னைக்கும் வந்தார் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

அக்கால டஹிட்டியில் பெருமக்கள் இறந்தால் உடலைக் கூரை வேய்ந்த மேடையில் கிடத்தி வைப்பார்கள். இழவுத் தலைவர் ஒருவர் முத்துச்சிப்பி முகமூடியும் மார்புத்தகடும் இறகுகளும் அணிந்து ஊரைச் சுற்றுவார். ஒரு கையில் சிப்பித் தாளம்; மறு கையில் சுறாப்பல் பதித்த நீண்ட ஆயுதம். நம் ஊரில் சங்கும் சேகண்டியும் கேட்டால் தெருவே வாசலுக்கு வரும். அங்கோ தாள ஓசை கேட்டவுடன் எல்லோரும் ஓடி ஒளிவார்கள். அகப்பட்டவருக்கு அடி விழும்.

ஹாட்ஜஸ் வரைந்த படம் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டு, 1777இல் குக்கின் பயண நூலில் வெளிவந்தது. மேடை, பிணம், கோலம் பூண்ட தலைவர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த ஓட்டமும் அச்சமும் இல்லை. இயற்கைக் காட்சியின் அமைதியே மேலோங்கி நிற்கிறது. அந்தக் கோலம் விலைபொருளாகவும் ஆயிற்று: 1774இல் குக்கின் கப்பலார் சிவப்பு இறகுகளைக் கொடுத்துப் பத்து உடைகள் வரை வாங்கினர். அவற்றுள் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதே கோலத்தை முதல் பயணத்தின்போதே (1768–1771) வரைந்தவர் துபாயா. அவர் அத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூசாரி, கடலோடி. இழவுத் தலைவரையும் நடனப் பெண்ணையும் ஒரே தாளில் தீட்டினார். பின்னணியில் மலையோ மரமோ இல்லை. சடங்கை உள்ளிருந்து அறிந்தவருக்கு உடையின் உறுப்புகளே முக்கியமாக இருந்தன போலும். 1770இல் பட்டாவியாவில் இறந்த அவருடைய படங்கள், யார் வரைந்தவை என்று தெரியாமலே நெடுங்காலம் கிடந்தன. 1997இல்தான், ஜோசப் பேங்க்ஸ் எழுதிய பழைய கடிதம் ஒன்றால் உண்மை தெளிந்தது.

ஹாட்ஜஸ் 1780இல் சென்னையில் இறங்கினார். ஐதர் அலியின் படையெடுப்பால் உள்நாட்டுக்குள் செல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 1இல் நமது பரங்கிப்பேட்டையே போர்க்களமாயிற்று. அதற்குள் அவர் வங்காளம் போய்விட்டார். காசிக்கு அருகே, வணிகச் சாதியைச் சேர்ந்த 24, 25 வயதுப் பெண் ஒருத்தி உடன்கட்டை ஏறுவதைப் பார்த்து வரைந்தார். 1793இல் வந்த தம் இந்தியப் பயண நூலில் அதைச் சேர்த்தார். படத்தின் தலைப்பில் அவள் வெறும் 'இந்துப் பெண்'. அவ்வழக்கம் 1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.