கோபுரத்துக்கு ஒரே புவியிணைப்பு: ஓம் கணக்குக்கு அப்பால்

கம்பியில்லாத் தொடர்புக் கோபுரத்தின் புவியிணைப்பைச் சோதிக்க வருவோர் பெரும்பாலும் ஓர் எண்ணையே கேட்கிறார்கள்: எர்த் குழியின் மின்தடை எத்தனை ஓம்? உப்பும் கரியும் இட்டு, நீரூற்றி அதைக் குறைத்துவிட்டால் கடமை முடிந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால் கருவியைக் காப்பது அந்த எண் அன்று. கோபுரம், மின்வழங்கல், தொடர்புக் கருவிகள் ஆகிய மூன்றும் ஒரே புவியமைப்பாகப் பிணைந்திருப்பதே காக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மின்னலின் முதல் வீச்சில் 30,000 ஆம்பியர் என்பது சாதாரண அளவே. குழியின் தடை 1 ஓம்தான் என்றாலும், ஓம் விதிப்படி கோபுர அடியின் மின்னழுத்தம் தொலைநிலத்தை ஒப்பிட 30,000 வோல்ட் உயரும். மின்னோட்டம் ஏறும் வேகமும் இதனோடு சேர்கிறது. ஒரு மீட்டர் கம்பியின் தூண்டம் ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. மின்னோட்டம் மைக்ரோவினாடிக்கு 10,000 ஆம்பியர் வீதம் ஏறினால், மீட்டருக்கு 10,000 வோல்ட் தோன்றும். தொலைவிலுள்ள குழிக்கு நீளக் கம்பி இழுப்பதாலும், மிஞ்சிய கம்பியைச் சுருட்டி வைப்பதாலும் நன்மையில்லை என்பதற்கு இதுவே காரணம்.

மின்னழுத்தம் உயர்வதால் மட்டும் கருவி கெடுவதில்லை. வெள்ளம் ஏறும்போது தோணியும் அதிலுள்ள சரக்கும் சேர்ந்தே உயர்வதுபோல, நிலையத்தின் எல்லாப் பகுதிகளும் ஒன்றாக உயர்ந்தால் அவற்றுக்கிடையே வேறுபாடு எழாது. கோபுரத்துக்கு ஒரு குழி, கருவிக்கு வேறொரு குழி என்று பிரித்துவிட்டால், இரண்டையும் இணைக்கும் பாதையாக எஞ்சுவது ஈதர்நெட் கேபிளும் ஃபீடர் கேபிளுமே. ஈதர்நெட் முனையின் காப்பு 1,500 வோல்ட் மாறுமின்னழுத்தத்துக்குச் சோதிக்கப்படுவது. பல்லாயிரம் வோல்ட் வேறுபாட்டின் முன் அது நிற்காது.

கருவிக்குத் தனிக் குழி இருந்தால் மின்னிரைச்சல் குறையும் என்பர். அந்தக் கவலை நியாயமானது, தீர்வுதான் தவறு. கருவிகளின் புவிக்கம்பிகளை ஒரு பட்டையில் சேர்த்து, அப்பட்டையைப் பொது அமைப்போடு ஓரிடத்தில் மட்டும் இணைத்தால் இரைச்சல் வளையமும் உருவாகாது, பிணைப்பும் அறாது. தனிக் குழி மின்கசிவிலும் கைவிடும். 230 வோல்ட் கட்டக் கம்பி கருவியின் உலோக உறையைத் தொட்டு, மின்னோட்டம் 5 ஓம் குழி வழியாக மட்டுமே திரும்பினால், 46 ஆம்பியருக்கு மேல் பாயாது. 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது. அதுவரை உறையைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

மின்னல் காப்புக்கான ஐஇசி 62305 தரநிலையும் எல்லாப் பயன்களுக்கும் பொதுவான ஒரே புவியமைப்பையே விரும்பத்தக்கதாகச் சொல்கிறது. 10 ஓமுக்குக் குறைந்த தடையை அது பரிந்துரைத்தாலும், அமைப்பின் வடிவத்துக்கும் பரிமாணத்துக்கும் முதன்மை தருகிறது. நடைமுறையில் இதன் பொருள் தெளிவானது. கோபுர அடியையும் கருவி அறையையும் சுற்றி வளையக் கம்பி புதைத்து, அடித்தளக் கம்பிகளோடு சேர்க்க வேண்டும். எல்லாக் கேபிள்களும் ஒரே இடத்தில் அறைக்குள் நுழைய வேண்டும். ஃபீடரின் வெளியுறையைக் கோபுரத்தின் மேலும் கீழும் நுழைவாயிலிலும் பிணைக்க வேண்டும். மின்வழங்கலின் சர்ஜ் தடுப்பானும் தரவுக் கேபிளின் தடுப்பானும் நுழைவாயிலின் அதே செப்புப் பட்டையில் முடிய வேண்டும்.

ஆகவே சோதனைப் படிவம் மாற வேண்டும். ஓம் அளவுக்கு முன்பாக, நிலையத்தின் எந்த இரு உலோகப் பகுதிகளுக்கும் இடையே குறுகிய, நேரான, உறுதியான பிணைப்பு உள்ளதா என்ற கேள்வி அதில் இடம்பெற வேண்டும். அதற்கு ‘இல்லை’ என்ற பதில் வரும் நிலையத்தை, குழியின் தடை எவ்வளவு குறைந்திருந்தாலும், தேர்ச்சி பெற்றதாக ஏற்கக் கூடாது.