போத்தலில் ஒட்டிய வயது



சென்ற மார்கழியில் நண்பர் ஒருவருக்கு 60ஆவது பிறந்தநாள். மேசையில் இரண்டு அமெரிக்க பேர்பன் விஸ்கிப் போத்தல்கள். ஒன்று 6 வருடம், மற்றது 15 வருடம். இரண்டையும் சுவைத்தேன். எனக்குப் பிடித்தது 6 வருடம்தான். ஆனால் எல்லோரும் 15ஐப் புகழ, நானும் தலையாட்டினேன். வீடு திரும்பும்போது அந்தப் பொய் உறுத்தியது. கணக்காளனான நான் ஏன் ஓர் எண்ணுக்குப் பயந்தேன்?

தேடி வாசித்தபோது, அந்த எண்ணுக்குப் பின்னால் சுவையைவிட வரிக் கணக்கே அதிகம் தெரிந்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் மலிவான மதுசாரத்துக்கு நிறமும் சுவையும் சேர்த்து விஸ்கி என்று விற்றார்கள். இதற்கு எதிராக 1897இல் ஒரு சட்டம் வந்தது. அரச கண்காணிப்புக் களஞ்சியத்தில் குறைந்தது 4 வருடம் இருந்து, 50 வீத மதுசாரத்தோடு போத்தலில் அடைத்ததற்கே அரச முத்திரை கிடைத்தது. அன்று வயது என்பது கலப்படம் இல்லை என்பதற்கான உத்தரவாதம்.

களஞ்சியத்தில் இருக்கும்வரை வரி கட்டத் தேவையில்லை. ஆனால் அன்று 8 வருடம் கடந்தால், விற்றாலும் விற்காவிட்டாலும் வரி கட்டவேண்டியிருந்தது. 1951இல் அந்த வரி 50 வீத மதுசாரம் கொண்ட கலன் ஒன்றுக்கு 10.50 டொலராக உயர்ந்திருந்தது. கொரிய யுத்தத்தால் தட்டுப்பாடு வரும் என்று நம்பி, ஷென்லி நிறுவனத்தின் தலைவர் லூயிஸ் ரோசன்ஸ்டீல் பெருமளவில் விஸ்கி வடித்து வைத்தார். 1953இல் யுத்தம் ஓய்ந்தது. பீப்பாய்கள் தேங்கின. அவரும் சேர்ந்து வாதாடியதால் 1958இல் அந்தக் காலக்கெடு 20 வருடமாக நீண்டது. அதன்பிறகு தேங்கிய சரக்கே பழமையின் பெருமையாக விளம்பரமானது.

பேர்பன் உள்ளே கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் வளர்கிறது. கென்டக்கியின் வெயிலில் மரச்சாறு வேகமாக ஊறுகிறது. வருடத்துக்கு 3 முதல் 5 வீதம் ஆவியாகிறது. 15 வருடத்தில் பாதியளவு போய்விடலாம். முதலும் அத்தனை காலம் முடங்கிக் கிடக்கிறது. விலை ஏறுவதற்கு இவை நியாயமான காரணங்கள். ஆனால் மரத்தின் கசப்பும் கூடவே ஏறுகிறது. அது சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் கொண்டாட்டங்களில் ஸ்கொட்ச் போத்தலின் எண்ணைப் பார்த்தே மரியாதை கொடுத்துப் பழகிவிட்டோம். ஸ்கொட்லாந்தின் குளிரில், பெரும்பாலும் ஏற்கனவே பாவித்த பீப்பாயில், 12 வருடமும் 18 வருடமும் மெதுவாகவே நகரும். அந்த அளவுகோலால் கென்டக்கியை அளக்க முடியாது.

வயது செலவைச் சொல்லும். சுவையை நாக்குத்தான் சொல்லவேண்டும். நண்பருக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "அடுத்த முறை எனக்கு அந்த 6 வருடத்தையே ஊத்துங்கோ. 15ஐ நீங்களே வைச்சிருங்கோ."