அறிவித்தலும் தடுத்தலும்

இன்று தடை விதித்தலைக் குறிக்கும் 'பான்' என்னும் ஆங்கில வினை, பழைய ஆங்கிலத்தில் 'பன்னன்' என வழங்கி, ஆணையிட்டு அழைத்தலையே குறித்தது. பழைய நோர்ஸ் மொழியிலிருந்த அதன் இனச்சொல்லோ தடுத்தலையும் சபித்தலையும் உணர்த்திற்று. அதன் செல்வாக்கினால் ஆங்கிலத்திலும் தடைப்பொருள் வலுப்பெற்றது என்பர்.

எனினும், பழம்பொருள் முற்றாக மறைந்துவிடவில்லை. இங்கிலாந்துத் தேவாலயங்களில் மூன்று ஞாயிறுகளில் வாசிக்கப்படும் திருமண அறிவித்தல் இன்றும் 'பான்ஸ்' எனப்படுகின்றது. தமிழ்க் கத்தோலிக்கர் 'ஓலை வாசித்தல்' என்பதும் இத்தகையதே. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றி மணம் புரிவோர்க்கு இவ்வறிவித்தலைப் பொதுவிதியாக்கிற்று.

இங்கு அறிவிப்பவர் தடுப்பதில்லை. தக்க காரணமுடைய எவரும் எழுந்து தடுக்கலாம். தற்காலத் தடையிலோ அறிவிப்பவரே தடுப்பவர். கேட்போர்க்குப் பணிதலே எஞ்சுகின்றது. சொல் ஒன்றாயினும், உரிமை கைமாறியமையை இவ்விரு வழக்குகளும் புலப்படுத்துகின்றன.